பதினோரு மணிக்கு நிப்பாட்டுங்க

வணக்கம் அக்கா,
நாலு மாசமா முதல் உலகப்போர் பத்தித் தேடித்தேடிப் படிக்கிறேன். கடைசி நாள், 1918 நவம்பர் 11, அதுல ரெண்டு சந்தேகம். 11ஆம் மாசம், 11ஆம் தேதி, 11 மணி: ராசி பார்த்தா வச்சாங்க? கடைசியா செத்தது அமெரிக்காவோட ஹென்றி குந்தரா, கனடாவோட ஜார்ஜ் பிரைஸா? இதை ஒரு வீடியோவா பண்ணப்போறேன், 'விதி விளையாடிய 60 செகண்ட்'னு தலைப்பு. எப்படி ஆரம்பிக்கலாம்?
ஒரு வாசகன்

தம்பி,

ராசியெல்லாம் ஒண்ணுமில்ல. 8ஆம் தேதி காலைல ஜெர்மன்காரங்க கையில போர்நிறுத்த நிபந்தனைகளைக் குடுத்து 72 மணி நேரம் கெடுன்னாங்க, அது முடியுற நேரம், அவ்வளவுதான். பிரைஸ் 10:58, குந்தர் 10:59ன்னு பதிவாயிருக்கு. அதுவும் முடிஞ்சுது. ஆனா அந்தத் தலைப்பைப் படிச்சதுலேர்ந்து எனக்கு மனசு ஆறல. இதுல விதி எங்கேப்பா வந்துச்சு?

பிரான்ஸ்ல காம்பியேன் காட்டுல, ரயில் பெட்டிக்குள்ள போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது காலைல அஞ்சு மணி சுமாருக்கு. அமலுக்கு வந்தது பதினோரு மணிக்கு. நடுவுல ஆறு மணி நேரம். பேசி முடிக்கிற வரைக்குமாவது சண்டையை நிறுத்துங்கன்னு ஜெர்மன் தரப்புல வந்த எர்ஸ்பெர்கர் 8ஆம் தேதியே கேட்டுப் பார்த்தார், எதிர்த்தரப்பு நேச நாட்டுப் படைகளுக்குத் தலைவர் ஃபோஷ் முடியாதுன்னுட்டார். அமெரிக்கப் படைக்குத் தலைவர் பெர்ஷிங், பதினோரு மணிக்கு முடியுதுன்னு கீழே தகவல் சொன்னவர், அதுவரைக்கும் என்ன பண்ணணும்னு சொல்லவே இல்ல, அது அந்தந்த அதிகாரி இஷ்டம்னு ஆயிப்போச்சு. சிலர் ஆளுங்களைப் பள்ளத்துலயே உட்கார வச்சாங்க, சிலர் கிளப்பி முன்னாடி அனுப்பினாங்க. ஸ்டெனேன்னு ஒரு ஊரு, அங்க குளிக்க வசதி இருக்கு, நம்ம ஆளுங்க அழுக்கா கிடக்குறாங்கன்னு சொல்லி அமெரிக்காவோட 89வது டிவிஷன் தளபதி அன்னிக்குக் காலைல அந்த ஊரைப் பிடிக்க வச்சார். செத்தும் காயம்பட்டும் 300 பேருக்கு மேல. இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா நடந்தே உள்ளே போயிருக்கலாம். பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்து மேற்கு முனையில மட்டும் அந்த ஒரு நாள்ல செத்தவங்க சுமார் 2,700 பேர்னு கணக்கு சொல்றாங்க. இதுக்கா விதின்னு பேரு வைக்கிற? உத்தரவு போட்டவனுக்குப் பேரு இருக்கு, பதவி இருக்கு, கையில கடிகாரமும் இருந்துச்சு.

மத்த முனைகளைப் பத்தி நீ மூச்சே விடல. இத்தாலியில ஒரு வாரம் முன்னாடியே ஓஞ்சுபோச்சு. ரஷ்யாவுல ட்வினா ஆத்தங்கரை துல்காஸ் கிராமத்துல அதே 11ஆம் தேதி காலைலதான் புரட்சிக்காரங்களான போல்ஷெவிக்குங்க அமெரிக்க, கனடாக்காரங்க மேல பாஞ்சாங்க, அங்க சண்டை முடியவே இல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவுல ஜெர்மன் தளபதி லெட்டோவ்-ஃபோர்பெக்குக்கு விஷயம் தெரிஞ்சதே 13ஆம் தேதி, ஆயுதத்தை ஒப்படைச்சது 25ஆம் தேதி. அங்க மூட்டை சுமந்தே செத்த ஆப்பிரிக்க ஜனங்களுக்குக் கடைசி ஆள் யாருன்னு ஒருத்தரும் தேடினதில்ல. அதையும் வீடியோவுல சொல்லு.

நீ விட்டுட்ட இன்னொரு ஆளு இருக்கார், ஒகுஸ்தென் த்ரெபுஷான். ஃபிரெஞ்சு சிப்பாய், பிரான்ஸ்ல லோஸேர் பக்கம் ஆடு மேய்ச்சவர், வயசு 40. சண்டை தொடங்கின 1914லேர்ந்தே படையில இருந்தவர். தகவல் கொண்டு ஓடுற வேலை. வ்ரீன்-ம்யூஸ்ங்கிற இடத்துல மணி முடிய கால் மணி நேரம் இருக்கையில சுட்டாங்க. அப்போ கையில இருந்த தகவல் என்ன தெரியுமா? பதினொன்றரைக்கு எல்லாரும் ஒண்ணு கூடுங்க, சூடா சூப் கிடைக்கும்னு. அதோட விடல. கல்லறையில சிலுவை நட்டு நவம்பர் 10ன்னு எழுதிட்டாங்க. அவருக்கு மட்டுமில்ல, 11ஆம் தேதி செத்த ஃபிரெஞ்சுக்காரங்களுக்கெல்லாம் அப்படித்தான். வெட்கப்பட்டுதான்னும் சொல்றாங்க, குடும்பத்துக்குப் பென்ஷன் கிடைக்கணும்னுதான்னும் சொல்றாங்க. எதுவானா என்ன, செத்த நாளையே மாத்திட்டாங்களே. ஒரு நாள்தானே, என்ன பெரிய வித்தியாசம்னு கேப்ப. கேக்காத.

எங்கப்பா தந்தி சேவகர். தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன ஊரு. சாவுத் தந்தின்னா சைக்கிள் மணியே அடிக்க மாட்டார், ரெண்டு வீடு முன்னாடியே இறங்கி உருட்டிக்கிட்டுப் போவார். 77 புயல்ல லைன் அறுந்து கிடந்து ஒரு தந்தி மூணு நாள் கழிச்சு வந்துச்சு, பம்பாய் மில்லுல வேலை பார்த்த பையன் போயிட்டான்னு. அந்தம்மா வாசல்ல முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்களாம். அழல, எப்படிச் செத்தான்னும் கேக்கல. "எப்போண்ணே?"ன்னாங்க. அப்பா தந்தியில இருந்த தேதியையும் நேரத்தையும் படிச்சுக் காட்டினார். கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்துட்டு, "அப்போ நான் இவனுக்குப் பொண்ணு பார்த்துப் பூ வச்சுட்டு வந்த அன்னிக்கு இவன் இல்லையா"ன்னாங்களாம். ரிட்டையர் ஆனப்புறமும் அப்பா இதைச் சொல்லாத மழைக்காலம் கிடையாது. சொல்றப்பெல்லாம் அந்தக் கீரையைச் சொல்லுவார், பாதி ஆஞ்சது மடியில அப்படியே இருந்துச்சுன்னு.

அதே போர்ல சண்டை போட்ட இங்கிலாந்துக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் நவம்பர் 4ஆம் தேதியே செத்துட்டார். அவங்கம்மாவுக்குத் தந்தி போய்ச் சேர்ந்தது 11ஆம் தேதி, ஊர்ல சண்டை முடிஞ்சுதுன்னு தேவாலய மணி அடிச்சுக்கிட்டு இருக்கு. அவங்களும் அந்த ஒரு வாரத்தை எண்ணிப் பார்த்திருப்பாங்க. த்ரெபுஷானுக்கு எண்ணுறதுக்கு ஒரு ஆளு இருந்தாலும், குடுத்த தேதியே பொய்.

எப்படி ஆரம்பிக்கலாம்னு கேட்டேல்ல. அந்த சூப் தகவல்லேர்ந்து ஆரம்பி. ஸ்க்ரீன்ல தேதி போடுறப்போ 11ன்னே போடு, யார் சொன்னாலும் மாத்தாத. உன்கிட்ட எழுத்து இருக்குப்பா, அதனாலதான் இவ்வளவு திட்டுறேன். தலைப்பை மாத்திட்டு லிங்க் அனுப்பு, பாக்குறேன்.

அக்கா