முதலில் அப்பா பெயரில் இருக்கும் பட்டாவை மாற்றுங்கள்

கேள்வி: சொந்த ஊர் கொடுமுடிப் பக்கம். மஸ்கட்டில் நர்ஸ் வேலை. கையில் 20 லட்சம் சேர்ந்திருக்கிறது. திண்டுக்கல் அருகே செம்மரத் தோட்டம் போட்டிருக்கும் ஒரு நிறுவனம் 15 லட்சத்துக்குக் கால் ஏக்கர் எழுதித் தருகிறது. பராமரிப்பு அவர்களே, 15 வருடத்தில் 1 கோடி கிடைக்கும் என்கிறார்கள். தம்பியோ அப்பா வாங்கிய 4 ஏக்கரில் மஞ்சள் போடுகிறான். மண்டிக் கடனில் இருக்கிறான். 5 லட்சம் கொடு, லாபத்தில் பங்கு தருகிறேன் என்கிறான். அப்பா தவறி 2 வருடம் ஆகிறது, பட்டா இன்னும் அவர் பெயரில்தான். எதில் போடலாம்?
— பெயர் வேண்டாம், மஸ்கட்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, செம்மரத்தை முதலில் முடித்துவிடுவோம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே விவசாய நிலமோ தோட்ட நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வீடும் மனையும் வாங்கலாம், விவசாயக் காடு வாங்க முடியாது. இதை அந்த நிறுவனத்தின் ஆள் உங்களிடம் சொன்னாரா? "அம்மா பெயரில் போட்டுக்கலாம் மேடம்" என்று ஒரு வழி சொல்லியிருப்பார். அந்த வழியும் வேண்டாம்.

ஏன் என்பதற்குக் கணக்கே போதும். 10 அடிக்கு ஒன்று வைத்தால் 25 சென்ட்டில் ஏறக்குறைய 100 மரம் நிற்கும். 1 கோடி வர வேண்டுமானால் ஒன்றுகூடப் பட்டுப்போகாமல், ஒன்றுகூடத் திருடு போகாமல், மரம் ஒன்று 1 லட்சத்துக்கு விற்க வேண்டும். செம்மரத்தில் காசு வைரத்துக்குத்தான், அதாவது நடுவில் இருக்கும் சிவந்த கட்டைக்கு. அந்த வைரம் ஏறுவதற்கு 15 வருடம் போதும் என்று சொல்பவர் மரம் வளர்த்தவர் இல்லை, மரம் விற்பவர். அப்புறம், வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறை அனுமதி வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவதில், அரிய உயிரினங்களின் வர்த்தகத்துக்கான உலக ஒப்பந்தமான சைட்டிஸின் கட்டுப்பாடு வேறு இருக்கிறது. நிலத்தின் விலையையும் பாருங்கள்: கால் ஏக்கர் 15 லட்சம் என்றால் ஏக்கர் 60 லட்சம். அந்த சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு என்ன என்று பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. 2012இல் பெருந்துறையில் ஈமு கோழித் திட்டம் கவிழ்ந்தபோது நீங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ இருந்திருப்பீர்கள். குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதாமாதம் பணமும் தருகிறோம் என்றார்கள். அதற்கும் முன்னால், தொண்ணூறுகளில் தேக்கு. அந்தத் தேக்குக் கம்பெனிகளின் கூத்துக்குப் பிறகுதான் 1999இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. பலரிடம் பணம் திரட்டி, நிர்வாகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, வருமானம் தருகிறேன் என்கிற எந்தத் திட்டமும் செபியில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் கேளுங்கள். போன் அழைப்புகள் தானாக நின்றுவிடும்.

சரி, தம்பிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி கடைசியில் இருக்கிறது. நிலம் அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம், அவர் உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, தம்பி, நீங்கள் மூவருக்கும் அதில் சமப் பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் ஒன்று. வெளிநாட்டில் இருப்பவர் விவசாய நிலம் வாங்கத்தான் தடை, வாரிசாக அடையத் தடை இல்லை. எந்த நிலத்தில் போடலாம் என்று தேடுகிறீர்களே, நிலம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

ஆனால் இதைத் தம்பியிடம் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள். "அக்கா பங்கு கேக்குது" என்று ஊரில் ஒரு வார்த்தை கிளம்பினால் 4 ஏக்கரும் கோர்ட்டுக்குப் போய்விடும். பேச்சை அம்மா ஆரம்பிக்கட்டும். வாரிசுச் சான்று வாங்கி, கூட்டுப் பட்டாவாக மாற்றுவதில் அவனுக்குத்தான் முதல் லாபம். இறந்தவர் பெயரில் பட்டா இருக்கிறவரை கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கும் மானியத்துக்கும் அவன் ஒவ்வொரு மேசையாக விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். தவணைக்குள் கட்டினால் சங்கத்துக் கடனுக்கு வட்டியே இல்லை. சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம். இரண்டையும் விட்டுவிட்டு அவன் மண்டிக்காரரிடம் போவதற்குக் காரணம், அங்கே யாரும் பட்டா கேட்பதில்லை என்பதாகத்தான் இருக்கும்.

மண்டிக் கடனின் வட்டியைவிட மோசமானது அதன் அவசரம். மஞ்சள் 9 மாதப் பயிர். வெட்டி, வேகவைத்து, களத்தில் இரண்டு வாரம் காயவைத்து, மெருகு போட்டால், 5 கிலோ பச்சை மஞ்சள் ஏறக்குறைய 1 கிலோவாக நிற்கும். இத்தனைக்கும் பிறகு, கடன் கொடுத்தவர் மண்டியில், அவர் சொல்லும் நாளில் இறக்கியாக வேண்டும். ஈரோட்டில் 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012இல் 4,000 வரை இறங்கியது. காய்ந்த மஞ்சள் சீக்கிரம் கெடாது. கையில் காசு இருந்தவர்கள் இருப்பு வைத்துக் காத்திருந்தார்கள், கடன்காரர்கள் அன்றைய விலைக்கே விற்றார்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிடங்கில் வைத்தால் சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் கிடைக்கும். தம்பிக்கு அது தெரியுமா என்று கேளுங்கள்.

எனவே, லாபத்தில் பங்கு என்கிற பேச்சே வேண்டாம். வெளிநாட்டில் வசிப்பவர் உள்ளூர்க்காரருக்கு ரூபாயில் கடன் கொடுத்து அதை விவசாயத்தில் போடவும் அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. மண்டிக் கடனை அடைக்க எவ்வளவு தேவையோ, உதாரணமாக 2 லட்சம், அதை வங்கி வழியாகத் தம்பிக்கு அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள். உடன்பிறந்தவர்களுக்குள் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. திரும்பி வரும் என்று உங்கள் டைரியில் எழுதாதீர்கள். வந்தால் சந்தோஷம்.

பட்டா கூட்டாக மாறிய பிறகு, உங்கள் பங்கும் இருக்கிற நிலத்தில் நிலைத்து நிற்கும் பொருளாகச் செலவழிக்கலாம்: சிமெண்ட் களம் ஒன்று, மூட்டை அடுக்க ஒரு ஷெட். போர் போட வேண்டும் என்று தம்பி சொன்னால் மட்டும் பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கு எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று விசாரித்துவிட்டுச் சம்மதியுங்கள். குழிக்குள் போன பணத்தை எந்தக் கிடங்கிலும் இருப்பு வைக்க முடியாது. இதற்கெல்லாம் 20 லட்சம் தேவையில்லை. 5 லட்சத்துக்குள் நிறுத்திக்கொண்டு, மீதியை வங்கியில் உங்கள் பெயரிலேயே வையுங்கள். மஸ்கட் வேலை எத்தனை வருடம் என்பது உங்கள் கையில் மட்டும் இல்லையே.

அடுத்த விடுமுறையில் வரும்போது அப்பாவின் இறப்புச் சான்று, மூலப்பத்திரம், ஒரு வில்லங்கச் சான்று, மூன்று பேருடைய ஆதார் இவற்றை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வாரிசுச் சான்றுக்குத் தம்பி இப்போதே ஆன்லைனில் விண்ணப்பித்துவிடலாம். நீங்கள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.