டெங்கு மறுமுறை வந்தால்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எனக்கு முன்பே டெங்கு வந்து குணமாகிவிட்டது. இனி வராது என்று இருக்கலாமா?

பதில்: இருக்க வேண்டாம். டெங்கு வைரஸில் 4 வகைகள் உண்டு. ஒரு வகையால் பாதிக்கப்பட்டவருக்கு அந்த வகை பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை. ஆனால் மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்பு சில மாதங்களில் குறைந்துவிடும். அதன்பின் வேறொரு வகை தொற்றும்போது, பழைய எதிர்ப்பொருள்கள் (முந்தைய தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கிய புரதங்கள்) அதைச் செயலிழக்கச் செய்ய இயலாமல் அதன்மீது ஒட்டிக்கொள்வதோடு, சில வெள்ளணுக்களுக்குள் அது எளிதில் புகவும் வழிசெய்துவிடுகின்றன; அதனால் நோய் தீவிரமாகக்கூடும்.

கியூபாவில் நடந்ததை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அங்கு 1977இல் முதல் வகை பரவியது; 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தனர், அவர்களில் 101 பேர் குழந்தைகள். 1997இல் சாண்டியாகோ நகரில் இரண்டாம் வகை மீண்டும் பரவியபோதோ, தீவிர நோய்க்கு ஆளானவர்கள் ஏறத்தாழ அனைவருமே பெரியவர்கள். ஏனெனில் 1981க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் முதல் வகையைச் சந்தித்ததே இல்லை. இருபது ஆண்டுகள் கழிந்தும் இந்த ஆபத்து நீங்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. எனினும் இரண்டாம் முறை டெங்கு வருபவர்களில் பெரும்பாலோர் நலமாகவே தேறிவிடுகின்றனர்.

கேள்வி: கைக்குழந்தைக்கு முதல் டெங்குவே தீவிரமாகுமா?

பதில்: ஆகலாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் குறைந்துவரும் மாதங்களில் அவையே பாதகமாக மாறக்கூடும்.

கேள்வி: எந்த வகை என்று பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: தேவையில்லை, நான்குக்கும் சிகிச்சை ஒன்றே. முன்பு டெங்கு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். மறுமுறை தொற்றில், இரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை 'இல்லை' என்று தவறாகக் காட்டும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: காய்ச்சல் விட்டுவிட்டது, தட்டணுக்கள் (பிளேட்லெட்) மட்டும் குறைவு. வீட்டுக்குப் போகலாமா?

பதில்: காய்ச்சல் விடும் வேளையே மிகுந்த கவனம் தேவைப்படும் வேளை. அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் சரியக்கூடும். தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறும் குடும்பத்தினர், இரத்தத்தின் செறிவைக் காட்டும் பி.சி.வி. அளவு ஏறுவதைக் கேட்டறிவதே இல்லை என்பது எனக்குப் பெரும் கவலை. கடுமையான வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு, அளவுக்கு மீறிய சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் பரிசோதித்து ஒப்புதல் அளிக்கும்வரை வீட்டுக்குப் புறப்பட வேண்டாம்.