கால் கிட்டே வந்து நிற்கும் வண்டியை நம்பலாமா?

கேள்வி: ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் எல்லை தாண்டி, தடா பக்கம் ஒரு குடோனுக்கு வேலைக்குப் போகிறேன். ஷிப்ட் இன்சார்ஜ். சமீபத்தில் பாலட் (சரக்கு அடுக்கும் தட்டு) எடுத்துப் போக, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் நான்கு ஏஜிவி வண்டிகள் வந்தன. முதலில் ஆள் குறுக்கே வந்தால் தூரத்திலேயே நின்றன. ‘அடிக்கடி நிற்கிறது, வேலை ஓடவில்லை’ என்று மேலே புகார் போனதும், சப்ளை செய்தவரின் ஆள் வந்து லேப்டாப்பை மாட்டி ஏதோ மாற்றினார். இப்போது காலுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் நிற்கின்றன. என் ஆட்களை அதே வழியில் நடக்க விடலாமா?

பதில்: விடாதீர்கள். அவர் செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும்வரை அந்த நான்கு வண்டிகளும் ஆள் நடமாடும் வழியில் ஓடக் கூடாது.

அந்த வண்டியில் ஆளைக் கண்டறியும் ஸ்கேனர் தன் முன்னால் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. வெளி எல்லையில் ஆள் வந்தால் வேகம் குறையும். உள் எல்லைக்குள் வந்தால் பிரேக் விழும். இந்த உள் எல்லையைச் சுருக்கிவிட்டார்கள் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. விநாடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடும் வண்டி, ஆளைக் கண்டு பிரேக் பிடிக்கத் தொடங்க மூன்றில் ஒரு விநாடி எடுத்தாலே அரை மீட்டர் போய்விடும். நிற்பது அதற்கு அப்புறம்தான். இன்று காலி வண்டி ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. நாளை ஒரு டன் பாலட்டோடு, ஐப்பசி மழைத் தண்ணீர் லாரி வந்து நிற்கும் டாக் வழியாக உள்ளே வந்த தரையில், தேய்ந்த பிரேக்கோடு அதே இடத்தில் நிற்காது. முழுச் சுமையையும் மோசமான தரையையும் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் அந்த எல்லையை வைக்க வேண்டும்.

‘அடிக்கடி நிற்கிறது’ என்பதற்கான மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. பாலட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் ஃபிலிமின் வால் தொங்குகிறதா, யாராவது டிராலியை வழியோரம் விட்டுப் போகிறார்களா என்று பாருங்கள். இவற்றைக் கண்டும் வண்டி நின்றுவிடும். வண்டியின் இரு பக்கமும் அரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பது உலகத் தரவிதி. இடம் இல்லாத இடத்தில் வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் பெரும்பாலும் கணுக்கால் உயரத்தில் ஒரே ஒரு தளத்தைத்தான் பார்க்கும். ஃபோர்க்லிஃப்ட் தூக்கி வைத்திருக்கும் கம்பி, மேசையின் நீண்ட விளிம்பு எதுவும் அதற்குத் தெரியாது.

இனி சப்ளையர் விஷயம். இதைத்தான் நான் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். நடுவில் நிற்கும் ஏஜெண்டுகள் சிலர், வேறெங்கோ ஓடிக் கழிந்த வண்டியை வாங்கி, பெயிண்ட் அடித்து, பாதுகாப்பு ஸ்கேனர் இருந்த இடத்தில் விலை குறைந்த சாதாரண சென்சாரை மாட்டி விற்கிறார்கள். வழி கண்டுபிடிக்கும் சென்சாரும் ஆளைக் காப்பாற்றும் ஸ்கேனரும் ஒன்றல்ல. முதலாவது பழுதானால் பழுது என்று சொல்லாமலே ஓடலாம். இரண்டாவது பழுதானால் வண்டியையே நிறுத்திவிடும். ‘சிஇ ஸ்டிக்கர் இருக்கிறது சார், ஐஎஸ்ஓ 9001 இருக்கிறது சார்’ என்பார்கள். சிஇ என்பது ஐரோப்பாவில் விற்பதற்கான அடையாளம், ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். 9001 என்பது கம்பெனி நிர்வாகத்துக்கான சான்று. அதற்கும் பிரேக்குக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்க வேண்டியது ஐஎஸ்ஓ 3691-4. ஓட்டுநர் இல்லாத வண்டிக்கென்றே 2020-ல் வந்து, 2023-ல் திருத்தப்பட்டது. ஆளைக் கண்டறியும் பகுதி, அது எவ்வளவு நம்பகமானது என்பதைக் குறிக்கும் ‘பிஎல் டி’ தரத்தில் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு எங்கே என்றும் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லாமல் வாயால் மழுப்புபவரின் கையில் உங்கள் ஆட்களின் காலைக் கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வேலி போட்டு, ஆளே இல்லாமல் ரோபோக்கள் அலமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடும் பகுதி சில குடோன்களில் உண்டு. அங்கே ஆள் வரமாட்டான் என்ற நம்பிக்கையில்தான் எல்லாமே அமைந்திருக்கும். வெளியே ஓடும் வண்டி ஆளைப் பார்த்து நிற்கிறது, ஆகவே உள்ளே ஓடுவதும் நிற்கும் என்று நினைப்பது பெரிய ஆபத்து. அந்த ரோபோவுக்கு ஆளைத் தெரியாமலே இருக்கலாம். கீழே விழுந்த ஒரு பெட்டியை எடுக்க என்றாலும் கதவைத் திறந்து, அந்தப் பகுதியே நின்ற பிறகுதான் போக வேண்டும். கதவு திறந்தும் ரோபோ ஓடினால், அதை நிறுத்த வேண்டிய கதவுச் சுவிட்ச் பழுதாகியிருக்கும், அல்லது அதை யாரோ கட்டிப்போட்டிருப்பார்கள். பார்சல் டேப்பால் ஒட்டி வைத்த சுவிட்சை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் குடோனில் இன்று வேலி இல்லாவிட்டாலும் நாளை வரலாம் என்பதால் இவ்வளவு சொல்கிறேன்.

புகார் எங்கே என்று கேட்பீர்கள். நீங்கள் தமிழ்நாட்டில் குடியிருந்தாலும் குடோன் ஆந்திராவில் இருப்பதால் அந்த மாநில அரசு அலுவலகத்தில்தான். இந்தப் பக்க அலுவலகத்துக்குப் போனால் ‘எங்களுக்கு வராது’ என்பார்கள். அந்தப் பக்கம் போனால் மொழி தெரியாமல் வாசலில் நிற்க வேண்டும். இத்தனை ஆயிரம் பேர் தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகும் ஊர்களில், தமிழில் மனு வாங்க ஒரு ஆளை உட்கார வைக்க முடியாதா? எச்சரிக்கைப் பலகையும் இங்கிலீஷில்தான் தொங்குகிறது. உங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு அதைப் படிக்கத் தெரியும்? தெலுங்கு, தமிழ், இந்தி மூன்றிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

யாருக்காவது அடிபட்டால், ‘பைக்கில் விழுந்தேன்னு சொல்லிடு, ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கிறேன்’ என்று காண்ட்ராக்டர் சொல்வார். சம்மதிக்க விடாதீர்கள். விபத்துப் பதிவேட்டில் அன்றே ஏற்ற வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் வேலையிடக் காயத்துக்கான உரிமை உண்டு. தற்காலிக முடக்கத்துக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். பைக் விபத்து என்று எழுதினால் அது போய்விடலாம்.

ஸ்கேனரின் எல்லையைத் திரும்ப மாற்றிய பிறகு சோதனை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 70 மில்லிமீட்டர் விட்டமும் 400 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு உருளையை வழியில் நிறுத்துங்கள், அது நிற்கும் மனிதனின் கால். 200 மில்லிமீட்டர் விட்டமும் 600 மில்லிமீட்டர் நீளமும் உள்ள இன்னொன்றைப் படுக்க வையுங்கள், அது விழுந்து கிடப்பவர். இரண்டுக்கும் மங்கிய கறுப்புத் துணி சுற்றுங்கள். முழுச் சுமையோடு, முழு வேகத்தில் வண்டியை வரவிட்டு, நேராகவும் திருப்பத்திலும் பாருங்கள். தொடாமல் நிற்க வேண்டும். சப்ளையரின் ஆள் தன் காலை நீட்டிக் காட்ட வந்தால் தடுத்துவிடுங்கள்.