ஐந்து டிக்கும் ஒரு மார்ச் கடைசியும்

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 36. போன மாதம் நடந்த பயிற்சி வகுப்பில் நூறு சொற்கள் உள்ள தாளைக் கொடுத்து, "உங்கள் கோர் வேல்யூஸ் ஐந்தை டிக் செய்யுங்கள்" என்றார்கள். நேர்மை, குடும்பம், வளர்ச்சி, மரியாதை, நிம்மதி என்று டிக் செய்தேன். பக்கத்தில் இருந்தவரும் ஏறக்குறைய அதையேதான் செய்திருந்தார். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒன்றரை மடங்கு சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. கணவருக்கு இங்கே கடை, மகள் எட்டாவது படிக்கிறாள். அந்த ஐந்து சொல்லை வைத்து முடிவெடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் விழுமியங்களை எப்படித்தான் கண்டுபிடிப்பது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: வகுப்பு எடுத்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. டிக் செய்யச் சொன்னால் எல்லோரும் அந்த ஐந்தைத்தான் டிக் செய்வார்கள். நேர்மையை யார் விட்டுவைப்பார்கள்? மில்டன் ரோக்கீச் என்ற அமெரிக்க உளவியலாளர் வாழ்க்கை லட்சியங்கள் 18, நடத்தைக் குணங்கள் 18 என்று இரண்டு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் முதலிடத்திலிருந்து கடைசி இடம்வரை வரிசைப்படுத்தச் சொன்னார். ஒன்றை மேலே ஏற்றினால் இன்னொன்று இறங்கித்தான் ஆக வேண்டும். ஆள் யார் என்பது அங்கேதான் தெரியும். பிறகு 1992-ல் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற இன்னொரு உளவியலாளர் பத்து விழுமியங்களை வட்டமாக அடுக்கிக் காட்டினார். எதிரெதிரே இருப்பவை ஒன்றோடொன்று மோதும். சாதனைக்கு எதிர்ப்பக்கம் நெருங்கியவர்களின் நலன். பாதுகாப்புக்கு எதிர்ப்பக்கம் புதுமை நாட்டம். ஆக, உங்கள் 'வளர்ச்சி'யும் 'குடும்ப'மும் சண்டை போடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

நான் அரசு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே கிளார்க் ஆபீசரானால் பெரும்பாலும் வெளியூர் மாற்றல்தான். கும்பகோணத்தில் என்னோடு கேஷ் கவுண்ட்டரில் இருந்த ஒருவர், ஒவ்வொரு முறையும் புரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். முன்னேறத் தெரியாத மனுஷன் என்று கேன்டீனில் பேச்சு. அவர் விட்ட சம்பளத்தைக் கூட்டினால் ஒரு வீடே கட்டியிருக்கலாம். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. காது கேளாத, வாய் பேசாத தம்பி ஒருவர். அவரோடு சைகையில் சரளமாகப் பேச அந்த வீட்டில் இவர் ஒருவர்தான் இருந்தார். இவரிடம் யாராவது நூறு சொல் தாளை நீட்டியிருந்தால் எதை டிக் செய்திருப்பாரோ, அது எனக்கு முக்கியமில்லை.

எனவே நீங்களும் எதற்காக எதை விட்டீர்கள் என்று திரும்பிப் பாருங்கள். சிலர் ஜிபே கணக்கைப் புரட்டச் சொல்வார்கள். புரட்டலாம். ஆனால் பாதி ஸ்கூல் ஃபீஸும் இஎம்ஐயுமாக இருக்கும். அதில் கடமை தெரியும், மனசு தெரியாது.

உங்கள் விஷயத்தில் அவ்வளவு தேடக்கூட வேண்டாம். இடமில்லாமல் நாங்கள் வெட்டிய பகுதியிலேயே பதில் இருக்கிறது. சம்பளத்தைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். மார்ச் கடைசியில் டெஸ்ட் முடியாத ஒரு லாட்டை லாரியில் ஏற்ற விடாமல் நிறுத்தியது பற்றி ஒரு முழுப் பக்கம். அதற்காக மேனேஜர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, இன்சென்டிவும் குறைந்தது என்கிறீர்கள். "கடன் வாங்கி மோட்டார் போடுகிற விவசாயி கிணற்று மேட்டில் நின்று நம்மைத் திட்டக் கூடாது" என்பது உங்கள் வரிதான். தாளில் இருக்கும் 'நேர்மை'யை விட இது கறாரானது: உங்கள் கையெழுத்து பட்ட பொருள் யாரையும் ஏமாற்றக் கூடாது. அதற்குப் பணமும் கொடுத்திருக்கிறீர்கள், மேனேஜரின் நல்ல முகத்தையும் இழந்திருக்கிறீர்கள்.

சரி, ஸ்ரீபெரும்புதூர். நேர்காணலில் சம்பளம் பேசி முடித்தபின் ஒன்று கேளுங்கள்: மாதக் கடைசியில் குவாலிட்டி 'நிறுத்து' என்றும் டிஸ்பாட்ச் 'அனுப்பு' என்றும் சொன்னால், கடைசி வார்த்தை யாருடையது? சமீபத்தில் அப்படி நடந்ததா, அப்போது என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். மழுப்பினால் ஒன்றரை மடங்கு போதாது. தெளிவாகப் பதில் வந்தால், அப்புறம் கணவரோடு உட்காருங்கள். அவரிடம் "போகலாமா" என்று மட்டும் கேட்காமல், கடையை விட்டு வர முடியுமா, மகள் பத்தாவது முடிக்கும்வரை நீங்கள் மட்டும் அங்கே தங்கி வாரக் கடைசியில் ரயிலேறி வந்து போவது மூன்று பேருக்கும் தாங்குமா என்று கேளுங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள், எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு விவரம் தெரியும்.