நகையை வைத்து டொமைன் வாங்கலாமா? மண்டபத்துத் தாய்க்கு ஒரு பதில்

அம்மா, பி.காம். படிப்பை நிறுத்திவிட்டு, உங்கள் நகையை அடகு வைத்து டொமைன் வாங்கி விற்கப் போவதாக மகன் சொல்கிறான், இது ஏமாற்று வேலையா என்று ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்று வேலை இல்லை. டொமைன் என்னும் இணையதள முகவரிப் பெயர்களை வாங்கி வைத்து, தேவைப்படுகிறவருக்குக் கூடுதல் விலைக்கு விற்பது உலகம் முழுக்க நடக்கும் தொழில்தான். 2019-ல் வாய்ஸ் டாட் காம் என்ற ஒற்றைப் பெயர் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. ஆனால் பி.காம். இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தி, உங்கள் நகையை வைத்து 50,000 ரூபாயில் இதைத் தொடங்க வேண்டாம். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

மனை வாங்கிப் போட்டால் பத்து வருடம் சும்மா கிடக்கும். டொமைன் அப்படிக் கிடக்காது. ஆண்டுதோறும் ரினியூவல் என்ற புதுப்பிப்புக் கட்டணம் கட்டினால்தான் பெயர் நம் கையில் நிற்கும். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், நமக்குப் பெயரைப் பதிந்து தரும் நிறுவனங்களான பதிவாளர்களிடம் வாங்கும் ஆண்டுக் கட்டணம் 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. பதிவாளரின் லாபமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ஒரு பெயருக்குச் சுமார் 1,200 ரூபாய் என்று வையுங்கள். 99 ரூபாய், 199 ரூபாய் என்று விளம்பரத்தில் வருவது முதல் வருடச் சலுகை மட்டுமே. வாங்கும் முன் இரண்டாம் வருட விலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

50,000 ரூபாய்க்கு 40 பெயர் கிடைக்கும். அடுத்த வருடம் அதே 40 பெயரை வைத்திருக்க இன்னொரு 48,000 ரூபாய் வேண்டும். நல்ல பெயர்களாக 100 வைத்திருந்தால் ஆண்டில் ஒன்றோ இரண்டோ விற்கும் என்பதுதான் இதில் ஊறியவர்கள் போடும் கணக்கு. அப்படியானால் 40 பெயரில் வருடத்துக்கு ஒன்றுகூட விற்காமல் போகலாம். ஒன்று விற்றாலும் விற்பனைத் தளத்தின் கமிஷன் போக 48,000 தேற, கிட்டத்தட்ட 60,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதுவும் ரினியூவலுக்குத்தான் சரியாகும். நகை வட்டிக்கு எங்கே போவது?

எந்தப் பெயரை வாங்குகிறான் என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. இப்படி ஒன்று செய்தியில் அடிபட்டதும் அந்தப் பெயரைப் பத்து விதமாகப் பதிந்து வைக்கத் தோன்றும். அதை யார் வாங்குவார்? ரயில்வே வாங்காது. படகு ஓட்டுகிறவருக்குக் கூகுள் மேப்பும் வாட்ஸ்அப்பும் போதும். செய்தியில் அடிபடும் பெயர் வேறு, பணம் கொடுக்க ஆள் இருக்கும் பெயர் வேறு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அதை வாங்க வசதியும் தேவையும் உள்ள பத்து நிறுவனங்களை அவனால் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பெயர் வேண்டாம். நம் ஊர்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கீழக்கரையை ஆங்கிலத்தில் எழுதினால் ழகரத்துக்கு ஒருவர் எல் போடுவார், இன்னொருவர் இசட் எச் போடுவார். காதில் கேட்டவுடன் தவறில்லாமல் தட்டச்சு செய்ய முடியாத பெயருக்கு விலை குறைவு. பெயருக்கு விலை சொல்லும் இலவச மதிப்பீட்டுக் கருவி காட்டும் லட்சத்தை நம்ப வேண்டாம். அதே வகைப் பெயர்கள் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்பதை நேம்பயோ தளத்தில் பார்க்கலாம்.

பிறர் உரிமையில் கை வைக்கவே கூடாது. வங்கி, நகைக்கடை, நடிகர் பெயர்களைப் பதிந்து அவர்களிடமே விற்க நினைப்பது வழக்கில் முடியும். டாட் காமுக்கு 1999-லிருந்து யு.டி.ஆர்.பி. என்ற தகராறு நடைமுறை இருக்கிறது. டாட் இன்னுக்கு ஐ.என்.டி.ஆர்.பி. இருக்கிறது. கெட்ட நோக்கத்தோடு பதிந்தது நிரூபணமானால் பெயர் ஒரு ரூபாய் ஈடு இல்லாமல் எதிர்த்தரப்புக்குப் போய்விடும். டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைப் பிடித்து வைத்து விவசாயிகளிடம் விலை பேசுவதும் இதே ரகம்தான், செய்ய வேண்டாம். வாங்கும் முன் மத்திய அரசின் டிரேட்மார்க் தேடல் பக்கத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கக் காசு செலவில்லை.

அவனுக்கு இதில் ஆர்வம் இருப்பது நல்ல விஷயம், அதை அணைத்துவிடாதீர்கள். நம் கரையில் உடனே காசாகக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. கருவாடு, நண்டு, இறால், கடல்பாசி வியாபாரிகளில் பலர் இன்னும் ஜிமெயில் முகவரியை வைத்தே வெளியூர்க்காரரோடு பேசுகிறார்கள். அவர்களுக்குச் சொந்த டொமைன், அந்தப் பெயரில் மின்னஞ்சல், ஒரு பக்க இணையதளம் அமைத்துக் கொடுத்து, ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் வாங்கலாம். அதற்கு, டொமைனை இணையதளத்தோடும் மின்னஞ்சலோடும் இணைக்கும் அமைப்புகளான நேம்சர்வர், ஏ ரெக்கார்டு, எம்.எக்ஸ். ரெக்கார்டு ஆகியவற்றைக் கற்க வேண்டும். எம்.எக்ஸ். தவறினால் மின்னஞ்சல் வராது. மின்னஞ்சல் உண்மையில் நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். அமைக்காவிட்டால் அனுப்பும் விலைப்பட்டியல் வாங்குபவரின் ஸ்பேம் பெட்டியில் விழக்கூடும். இந்த அறிவு பி.காம். பட்டத்தோடு சேர்ந்தால் ஏற்றுமதி அலுவலகத்திலும் ஹோஸ்டிங் நிறுவனத்திலும் வேலை கேட்கலாம். ஒன்று மட்டும்: டொமைனை வாடிக்கையாளர் பெயரிலேயே பதிய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது மீன் வியாபாரியிடம் பணம் கேட்டுப் போகாமல் இருப்பது நல்லது.

ராமேஸ்வரத்து விடுதிகளிடமும் வேலை இருக்கும். தளம் செய்து கொடுத்தவரின் பழைய மின்னஞ்சலுக்கே ரினியூவல் எச்சரிக்கை போய், விடுதிக்காரருக்குத் தெரியாமலே பெயர் காலாவதியாகும். டாட் காமில் அதன்பிறகு பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் மீட்கலாம். அடுத்த 30 நாள் பெரிய அபராதத்தோடு மீட்கலாம். பிறகு 5 நாள் கழித்து அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பதியலாம். அதைப் பிடித்து உரிமையாளரிடமே பேரம் பேசலாம் என்று யாராவது அவனுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். கூடாது. 45 நாளுக்குள் நேரில் போய்த் தகவல் சொல்லி மீட்டுக் கொடுத்தால், அந்த விடுதி நிரந்தர வாடிக்கையாளர் ஆகும்.

வாங்கி விற்பதையும் பழகட்டும், ஐந்து பெயரோடு. ஆறாயிரம் ரூபாய், அதுவும் அவன் சம்பாதித்தது. பதிவாளரிடம் தொடங்கும் கணக்கு அவன் பெயரில், அவன் மின்னஞ்சலில், இரண்டடுக்குப் பாதுகாப்போடு இருக்க வேண்டும். பயிற்சி தருகிறவரின் கணக்கில் பெயர்களை வைத்தால் அவை அவனுடையவை ஆகாது. காலாவதியான பழைய பெயரை வாங்கினால், முன்பு அதில் சூதாட்டத் தளம் ஓடியதா என்று பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பார்க்க வேண்டும். ஆட்டோ ரினியூவலை அணைத்து, முடியும் நாளுக்கு ஒரு மாதம் முன்னால் உட்கார்ந்து முடிவெடுக்கட்டும். வாங்கக் கேட்டு விசாரிப்பே வராத பெயரைப் போக விடட்டும்.

விசாரிப்பு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். "வாங்கிக்கொள்கிறேன், முதலில் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுத்து அனுப்பு" என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடி, சான்றிதழுக்குக் கட்டும் பணம் அவர்களுக்கே போகும். விற்பனையை எஸ்க்ரோ, அதாவது பெயர் கைமாறும் வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் தளம், வழியாக மட்டுமே செய்ய வேண்டும். அந்தத் தளத்தின் முகவரியை அவனே தட்டச்சு செய்யட்டும், வந்த லிங்க்கை அழுத்தக் கூடாது. பணம் வந்து சேர்ந்ததாக எஸ்க்ரோ சொன்ன பிறகே பெயரின் மாற்றப் பூட்டை நீக்கி, அதை வேறு பதிவாளருக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோட் தர வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் கொடுத்தால் பெயர் திரும்ப வராது. புதிதாகப் பதிந்த டாட் காம் பெயரை முதல் 60 நாள் வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது என்பதையும் வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடட்டும். டாலரில் பணம் வந்தால் வங்கியில் அந்நியச் செலாவணி வரவுச் சான்று வாங்கி, ரினியூவல் ரசீதுகளோடு ஒரே கோப்பில் வைக்கட்டும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது இரண்டும் தேவைப்படும்.