பேசச் சிரமப்படும் குழந்தைக்குக் கருவி செய்கிறீர்களா? கேள்வி பதில்

பேச்சுப் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்டாக நான் வேலை செய்கிறேன். பெருமூளை வாதமோ ஆட்டிசமோ உள்ள, பேச்சு வராத அல்லது தெளிவில்லாத குழந்தைகளுக்குக் கருவி செய்ய விரும்பும் கல்லூரி மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நடுவில் ஒரு அம்மாவும் கேட்டிருக்கிறார்.

மேடம், படத்தைத் தொட்டால் பேசும் ஆப் செய்கிறோம். தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், வலி என்று 20 படங்கள் வைத்திருக்கிறோம். போதுமா? (மூன்றாமாண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ்)

போதாது. பசி, தாகமெல்லாம் சொல்லாமலே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். "அண்ணன் கிள்ளிட்டான்", "இந்தப் பாட்டு வேண்டாம்", "நீங்க பொய் சொல்றீங்க" என்பதைத்தான் யாராலும் ஊகிக்க முடியாது. குழந்தைக்குச் சண்டை போடவும் கேலி செய்யவும் மறுக்கவும் வழி வேண்டும். கேட்டு வாங்குவதற்கு மட்டுமே பேச்சு என்று நினைத்து ஆப் செய்யாதீர்கள்.

நாம் அன்றாடம் பேசுவதில் ஏறக்குறைய 80 சதவீதம் சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. வா, போ, பார், இன்னும், என்னோட, ஏன், நிறுத்து, வேண்டாம் மாதிரியான சொற்கள்தான் அவை. இவற்றை முதல் திரையில் வையுங்கள். வைத்த இடத்தை அப்புறம் மாற்றவே கூடாது, ஏனென்றால் குழந்தையின் விரல் இடத்தைத்தான் மனப்பாடம் செய்கிறது. முதலிலேயே 60 கட்டங்களுக்குத் திட்டமிட்டு, இப்போது தேவைப்படாதவற்றை மறைத்து வைத்தால், பின்னால் சொல் சேர்க்கும்போது எதுவும் நகராது.

புதிதாகச் செய்வதற்கு முன் ஏற்கெனவே உள்ளவற்றையும் பயன்படுத்திப் பாருங்கள். சென்னையில் உருவான ஆவாஸ் தமிழிலும் பேசும். ஐஐடி பம்பாயில் உருவானது ஜெல்லோ. இவற்றால் உங்கள் குழந்தைக்கு எது முடியவில்லை என்று தெரிந்தால், ப்ராஜெக்ட் அங்கேயே கிடைத்துவிடும்.

கூகுளின் தமிழ்க் குரலைப் போட்டோம். பையன் இரண்டு தடவை தொட்டுவிட்டு விட்டுவிட்டான். ஏன்?

அந்தக் குரலைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஆறு வயதுப் பையன் வகுப்பில் பெரியவர் குரலில் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றால் மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவனுக்குத் "தண்ணி வேணும்" என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தில் காட்டுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று தனித்தனியாகச் சேமியுங்கள். அடிக்கடி வரும் சொற்களை அதே வயது அண்ணன் தம்பி யாராவது பேசிப் பதிவு செய்யட்டும், புதிய வாக்கியத்துக்கு மட்டும் இயந்திரக் குரல் வரட்டும். விகுதிகளைப் பற்றி ஆரம்பத்தில் கவலை வேண்டாம். "நான், சாப்பிடு, முடிஞ்சுது" என்று மூன்று கட்டம் தட்டினாலே விஷயம் புரிந்துவிடும். பெரிய பிள்ளைகளுக்கு "சாப்பிட்டேன், சாப்பிட்டான்" போன்றவற்றை, கட்டத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் வரும்படி தரலாம்.

என் மகனுக்கு நான்கு வயது. ஆப் கொடுத்துவிட்டால் வாய் திறந்து பேச முயற்சியே செய்ய மாட்டான் என்று மாமியார் சொல்கிறார். நிஜமா மேடம்?

இல்லைம்மா, பயப்படாதீர்கள். மில்லர், லைட், ஷ்லோசர் என்ற ஆய்வாளர்கள் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம்பகமான முறையில் நடந்த ஆய்வுகளில் இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது, பலருக்குக் கொஞ்சம்தான் என்றாலும். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். காத்திருக்க வேண்டாம். நீங்கள் அவனோடு பேசும்போது நீங்களே படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள். யாரும் அந்த மொழியில் பேசிக் காட்டாவிட்டால் அவன் எப்படிக் கற்றுக்கொள்வான்?

கை நடுக்கத்தால் தப்பான படத்தில் படுகிறது. கண் பார்க்கும் இடத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் ஐ டிராக்கிங் வைக்கலாமா? (எலக்ட்ரானிக்ஸ் குழு)

முதலில் உட்காரும் விதத்தைப் பாருங்கள். கால் தொங்கிக்கொண்டு இடுப்பு சரிந்தால் எந்தக் கையும் நிலைக்காது. பிசியோதெரபிஸ்டைக் கூப்பிடுங்கள். அடுத்து, கட்டங்களுக்கு ஓட்டை வெட்டிய அக்ரிலிக் தகடு ஒன்றைத் திரைமேல் பொருத்துங்கள். தொட்டவுடன் பேசாமல், விரலை எடுக்கும்போது பேசும்படி அமைத்துப் பாருங்கள்.

அதுவும் சரிவராவிட்டால் சுவிட்ச். தலை, முழங்கால், முழங்கை என்று எந்த அசைவு குழந்தையின் கட்டுப்பாட்டில் நன்றாக இருக்கிறதோ அங்கே ஒரே ஒரு பொத்தான். 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் முடியும்படி செய்தால் கடையில் விற்கும் சுவிட்சுகளையும் அதில் மாட்டலாம். ஆர்டுயினோ லியனார்டோ என்ற சிறிய மின்னணுப் பலகை தன்னைக் கீபோர்டாகக் காட்டிக்கொள்ளும், அதனால் ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே உள்ள சுவிட்ச் அணுகல் வசதியோடு நேராக இணைந்துவிடும். கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும்போது குழந்தை அழுத்தித் தேர்ந்தெடுக்கும். ஒளிரும் வேகத்தை வீட்டில் உள்ளவர்களே மாற்றும்படி வையுங்கள். ஐ டிராக்கிங்குக்குச் செலவு அதிகம், வெயிலில் தடுமாறும். கடைசியாக யோசிக்கலாம்.

குழந்தையின் தெளிவில்லாத பேச்சை ஏஐ புரிந்துகொண்டு சரியாகச் சொல்லுமா?

ஓரளவு. இந்த வகைத் தமிழ்ப் பேச்சுக்கு எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரியில் ஒலித் தொகுப்பு உருவாக்கியிருக்கிறார்கள். நீங்கள் ஒரே குழந்தை, சுமார் 30 சொற்கள் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். எந்திரத்தின் ஊகத்தை அதுவாகவே உரக்கச் சொல்ல விடாதீர்கள். மூன்று ஊகங்களைத் திரையில் காட்டுங்கள், குழந்தை தேர்ந்தெடுக்கட்டும். குழந்தை சொல்லாததைக் குழந்தையின் பெயரில் சொல்ல நமக்கு உரிமை இல்லை. குரல் பதிவுகள் அந்தக் கருவியை விட்டு வெளியே போகக் கூடாது.

எங்களுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. செய்து முடித்துவிட்டுச் சிறப்புப் பள்ளிக்குப் போனால் போதாதா?

தயவுசெய்து முதல் வாரமே போங்கள், லேப்டாப் இல்லாமல். அந்தக் குழந்தை இப்போதே 'ஆமாம்', 'இல்லை' என்பதை எப்படிக் காட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். உதவிக் கருவிகள் பற்றி அமெரிக்காவில் பிலிப்ஸும் ஜாவோவும் 227 பெரியவர்களிடம் ஓர் ஆய்வு செய்து 1993-ல் வெளியிட்டார்கள். வாங்கிய கருவிகளில் 29.3 சதவீதம் கைவிடப்பட்டிருந்தன. பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காதது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் 2014-ல் தொடங்கிய, உதவிக் கருவிகள் செய்யும் ஏடிஹேக் நிகழ்ச்சியில், கருவி தேவைப்படுபவரே குழுவில் ஒருவராக உட்காருகிறார். உங்கள் கல்லூரியிலும் அப்படிச் செய்யலாம்.

பள்ளித் தலைமையிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குழந்தை முகத்தைத் திருப்பினால், கையைத் தள்ளினால், அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். ரிவ்யூவில் காட்ட முகத்தைப் படம் பிடிக்க வேண்டாம்.

நீங்கள் படிப்பை முடித்துப் போனபிறகு கருவியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை, ஆனால் இதுதான் என் பெரிய கவலை. நிறுவும் கோப்பு, சொற்பட்டியலின் நகல், மாற்றச் சொல்லித்தரும் ஒரு பக்கக் குறிப்பு எல்லாம் பள்ளியிலும் வீட்டிலும் இருக்க வேண்டும். அதே கட்டங்களை அதே இடங்களில் அச்சிட்டு லேமினேட் செய்த அட்டையும் கொடுங்கள். சார்ஜ் தீர்ந்தாலும் குழந்தை பேச முடிய வேண்டும்.

படங்களுக்கு கூகுளில் தேடி எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஸ்பெயினின் அரகோன் அரசு தரும் அராசாக் படங்களை, மூலத்தைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமில்லாமல் இலவசமாகப் பயன்படுத்தலாம். பாட்டி, வீட்டு நாய், பள்ளி வேன் போன்றவற்றுக்கு அந்தக் குழந்தையின் வீட்டிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.