இடக்கைப் பாதை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. சென்ற மாதம் எழுதிய குறிப்பு ஒன்றில், உங்களுக்குப் பிடித்த அறிமுக ஆல்பங்களில் என்டூம்ப்ட் என்ற ஸ்வீடன் டெத் மெட்டல் குழுவின் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ பெயரையும் சொல்லியிருந்தீர்கள். படித்ததும் திக்கென்றது. அந்தப் பெயர் போட்ட கறுப்பு டீ ஷர்ட்டை வாரத்தில் இரண்டு தடவை துவைத்துக் காயப்போடுகிறவள் நான்.

மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் கேட்கிறான். நான் சின்ன வயதில் எட்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றவள். ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம் தாங்கவில்லை. ஒரே உறுமல், இரைச்சல். வரிகளைத் தேடிப் படித்தால் பிணம், அழுகல், கல்லறை. தலைப்பே சாத்தான் வழிபாட்டைக் குறிக்கிறது என்கிறார்கள். இதில் சங்கீதம் எங்கே இருக்கிறது? நான் பயப்பட வேண்டுமா?

ல., திருச்சி

அன்புள்ள ல.,

முதலில் தலைப்பு. ‘இடக்கைப் பாதை’ என்ற சொல் நம் பக்கத்திலிருந்து போனதுதான். தாந்திரிகத்தில் வாமாசாரம் என்பார்கள். அதை மேற்கில் இங்கிலீஷில் பரப்பியதில் பெரும் பங்கு பிளாவட்ஸ்கி அம்மையாருக்கு உண்டு. 1882இல் அடையாறில் இடம் வாங்கிய அதே தியசாபிகல் சொசைட்டியின் பிளாவட்ஸ்கிதான். அவர் அதைத் தீய வழி என்ற பொருளில் எழுதினார். 1966இல் சான் பிரான்சிஸ்கோவில் சாத்தான் சபை தொடங்கிய ஆன்டன் லாவே போன்றவர்கள் அதையே பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறி இந்தக் குழுவின் ஸ்டாக்ஹோம் பையன்களிடம் போய்ச் சேர்ந்தபோது, ‘ஊர் போகிற வழியில் நான் போகமாட்டேன்’ என்பதுதான் அதில் மிஞ்சியிருந்தது. அந்த வயதில் எல்லாருக்கும் அப்படி ஒரு சொல் தேவைப்படுகிறது.

அந்த வயது என்று சும்மா சொல்லவில்லை. 1989 டிசம்பரில் இது பதிவானபோது டிரம்ஸ் வாசித்து, பெரும்பாலான பாட்டுகளை எழுதிய நிக்கே ஆண்டர்சனுக்கு 17 வயது. பாடிய எல்.ஜி. பெட்ரோவுக்கும் 17. உங்கள் மகனைவிடச் சின்னவர்கள். அதற்கு முன் நிஹிலிஸ்ட் என்ற பெயரில் டெமோ கேசட்டுகள் போட்டு, தபாலில் நாடு நாடாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இணையம் இல்லாத காலம். டெத் மெட்டல் என்கிற இந்த உறுமல் இசை அப்படித்தான் பரவியது. ஒட்டிய தபால்தலையின் மேல் சோப்பைத் தடவி அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் முத்திரையைக் கழுவிவிட்டு அதே தலையைத் திரும்ப ஒட்டலாம். கையில் காசு கிடையாது, ஆனால் இந்த இசையின் இன்னொரு மையமான அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்பது தெரியும்.

சரி, சங்கீதம் எங்கே என்று கேட்டீர்கள். முதலில் கிட்டாரின் ஒலியில் இருக்கிறது.

பாஸ் (Boss) என்ற கம்பெனியின் எச்.எம்.-2 என்று ஒரு பெடல், கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கக் காலால் அழுத்துகிற கருவி. உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு டப்பா, நாலு குமிழ். ஒலியளவு, அடிக்கட்டை, மேல்கட்டை, கரகரப்பு என்று ஒவ்வொன்றும் ஒன்றைக் கூட்டிக் குறைக்கும். 80களில் வந்த மலிவான சாமான், அளவாகத் திருப்பி வைத்து வாசிக்கச் செய்தது. நிஹிலிஸ்ட்டில் இருந்த லெய்ஃப் குஸ்னெர் என்ற பையன் நாலையும் கடைசி வரை திருப்பிவிட்டார் என்றுதான் இந்த வட்டாரத்தில் எல்லாரும் சொல்வார்கள்.

பெங்களூரில் ஒரு நண்பரிடம் அந்தப் பெடல் இருந்தது. ஒரு மத்தியானம் முழுக்க அதோடு உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று குமிழைத் திருப்பும்வரை சாதாரணமான கிட்டார்தான். நாலாவதையும் முழுசாகத் திருப்பியதும் தந்தியைத் தொடாமலேயே ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரையத் தொடங்கியது. உள்ளங்கையால் ஆறு தந்தியையும் அழுத்திப் பிடித்தால்தான் கொஞ்சம் அடங்கும். கையை லேசாக எடுத்து ஒரு தடவை மீட்டினேன். மரம் அறுக்கும் மிஷின் ஈர மரத்தில் இறங்குகிற சத்தம். அதே சமயம் அதற்குள் ஸ்வரம் தெளிவாக நின்றது. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. வாசிப்பில் பாதி, அந்தச் சத்தத்தை எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது. அடுத்த தடவை கேட்கும்போது கிட்டார் சட்டென்று வெட்டி நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். அந்தக் கை பதற்றமே இல்லாத கை.

இதை ஒலிப்பதிவில் பிடித்தவர் டோமாஸ் ஸ்கோக்ஸ்பெர்க். ஸ்டாக்ஹோமில் சன்லைட் என்ற அவருடைய ஸ்டுடியோ. அதே காலத்தில் ஃப்ளோரிடாவின் மோரிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவான ஆல்பங்களில் ஒவ்வொரு அடியும் எண்ணி எடுத்ததுபோலத் தனித்தனியாகக் கேட்கும். சன்லைட்டில் எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும். எனக்கு இதுதான் பிடிக்கும். டிரம்ஸிலும் பல இடங்களில் வருவது இங்கிலாந்தின் டிஸ்சார்ஜ் குழு வாசித்த பங்க் நடை: தும்-தட், ததும்-தட். இந்த உந்தல் இருப்பதால்தான் இவ்வளவு கனமான இசைக்கும் கால் தானாகத் தாளம் போடுகிறது. 1990இல் நாட்டிங்ஹாமின் இயரேக் கம்பெனி ஆல்பத்தை வெளியிட்டது. அப்புறம் டிஸ்மெம்பர் போன்ற குழுக்களும் அதே ஸ்டுடியோவுக்குப் போய் அதே குமிழ்களைத் திருப்பின. இன்றுவரை அதை ஸ்வீடிஷ் ஒலி என்றுதான் சொல்கிறார்கள்.

உறுமலைப் பற்றி உங்களிடம் பேசுவது சுலபம், நீங்கள் பாட்டு கற்றவர். அது வெறும் கத்தல் இல்லை. குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, பொதுவாகப் பாடும்போது சும்மா இருப்பது. அதை அதிரவிட்டுத்தான் இந்தக் குரல் வருகிறது. திபெத்திய துறவிகள் அடிக்குரலில் மந்திரம் ஓதும்போதும் அதிர்வது அந்த மடிப்புதான். மூச்சு அடிவயிற்றிலிருந்து வராவிட்டால் ஒரே பாட்டில் தொண்டை கட்டிவிடும். பெட்ரோவிடம் எனக்குப் பிடித்தது, அந்தக் குரலிலும் வார்த்தை முழுசாக விழுகிறது. வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் பின்தொடர முடியும்.

அந்த வரிகளுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பதினேழு வயதுப் பையன்கள் பேய்ப்படம் பார்த்துவிட்டு எழுதியவை. கவிதையாக அதில் எதுவும் இல்லை. ஆனால் நானும் அந்த வயதில்தான் தாத்தாவின் உடலைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனேன். அதன்பின் ஒரு வருடம் இரவில் கண்ணை மூடினால் அந்த உடல்தான் வரும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஒரு பாஷையும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு நண்பனின் அறையில், பலமுறை நகலெடுத்துத் தேய்ந்துபோன கேசட்டில் இந்த ஆல்பத்தைக் கேட்டபோது, நான் வாய்விட்டுச் சொல்லாததை யாரோ எட்டுக் கட்டையில் சொல்வதுபோல இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். உங்கள் மகனுக்கும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு அந்த ஒலி பிடித்திருக்கிறது, அவ்வளவாகவும் இருக்கலாம். பயப்பட வேண்டியது கதவு சாத்தியிருப்பதற்குத்தான், பாட்டுக்கு இல்லை. நீங்கள் தட்டினால் திறப்பான் என்றே நினைக்கிறேன்.

பெட்ரோவ் 2021 மார்ச்சில் பித்தநாளப் புற்றுநோயால் இறந்துபோனார். 49 வயது. செய்தி வந்த அன்று ஆல்பத்தை மறுபடியும் போட்டேன். ‘பட் லைஃப் கோஸ் ஆன்’ என்ற பாட்டு வந்தபோது என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

நீங்கள் பத்து நிமிடம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதல் பாட்டைக் கடந்துதான் போயிருப்பீர்கள், ஆல்பத்தின் பெயரே அதற்கும். ஆறரை நிமிடத்துக்கு மேல் போகும். இரைச்சலில் காது மரத்துப்போனதால் அதன் பின்பாதி உங்களுக்குத் தப்பியிருக்கும். நாலாவது நிமிட வாக்கில் வேகம் எல்லாம் இறங்கி, கனமான தாளத்தின் மேல் ஒரு மெட்டு மெதுவாக எழுந்து வரும். 1979இல் வந்த ‘ஃபேன்டசம்’ என்ற பேய்ப்படத்தின் இசையிலிருந்து எடுத்தது. அதே மரம் அறுக்கும் கிட்டார்தான், ஆனால் அங்கே அது அழுகிறது. பையன்கள் அவசரமே படாமல் அந்த மெட்டைக் கடைசி வரை வாசிக்கிறார்கள்.

மகனைக் கூப்பிட்டு அந்த இடத்திலிருந்து போடச் சொல்லுங்கள். சின்ன ஸ்பீக்கர் வேண்டாம், அவனுடைய ஹெட்ஃபோனையே வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மெட்டின் ஸ்வரங்கள் உங்களுக்குப் பிடிபட்டால் எனக்கும் எழுதி அனுப்புங்கள். எனக்குச் சங்கீதம் கேட்கத்தான் தெரியும், ஸ்வரப்படுத்தத் தெரியாது. நீங்கள் அதைப் பாடினால் எப்படி இருக்கும் என்று அவன் கேட்க வேண்டும்.

அன்புடன்.